வியன்னாவுக்குத் தெற்கே ஒரு பிரேசில்

ஹேண்ட்பால் ஆடும் பெண்கள் ஆட்டத்துக்கு நடுவே அடிக்கடி குனிந்து ஷூவின் குதிகால் பக்கத்தைத் தொடுவார்கள். லேஸ் அவிழ்ந்துவிட்டதோ என்று நினைப்போம். அங்கே கொஞ்சம் பிசின் அப்பி வைத்திருப்பார்கள். விரல் நுனியில் அதைத் தொட்டுக்கொண்டால் பந்து கையோடு ஒட்டிக்கொள்ளும். 350 கிராம் சொச்சம் எடையுள்ள பந்தை ஒரே கையில் பிடித்து, ஓடிவந்து, கோலைச் சுற்றியுள்ள ஆறு மீட்டர் கோட்டுக்கு முன்னால் எழும்பி, காற்றில் இருக்கும்போதே மணிக்கட்டைத் திருப்பி அடிக்க வேண்டும். பிசின் இல்லாவிட்டால் இந்த வித்தையில் பாதி நடக்காது.

எங்கள் பள்ளியில் பிசின் கிடையாது. செம்மண் மைதானம், சுண்ணாம்புக் கோடு, வலை இல்லாத கோல் போஸ்ட். வேகமாக ஓடத் தெரியாதவளைக் கோலில் நிறுத்துவது எங்கள் பி.இ.டி. டீச்சரின் கொள்கை. அப்படித்தான் நான் கோல்கீப்பர் ஆனேன். மண்டலப் போட்டி வரை போனோம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினோம். மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள அந்தச் சட்டத்துக்குள் கையுறைகூட இல்லாமல் நின்று பழகியதால், இன்றைக்கும் எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் கண் முதலில் கோல்கீப்பர் பக்கம்தான் போகிறது. 2013 பெண்கள் உலக சாம்பியன்ஷிப் எனக்குப் பிடித்துப்போனதற்கும் அதுவே காரணம். பிரேசில் கோலில் பார்பரா அரென்ஹார்ட் நின்றார். பாபி என்று கூப்பிடுவார்கள். அந்தத் தொடரின் சிறந்த கோல்கீப்பர் அவர்தான்.

ஆனால் இந்தப் பதிவில் சொல்ல வந்தது பாபியைப் பற்றி மட்டும் இல்லை. ஒரு நாட்டின் அணி எங்கே உருவாகிறது என்ற கேள்வி பல வருடங்களாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேசிலின் அந்த அணி ஆஸ்திரியாவில் உருவானது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான உலக ஹேண்ட்பால் சாம்பியன்ஷிப் 1957இல் யூகோஸ்லாவியாவில் தொடங்கியது. முதல் கோப்பை செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. அதன் பிறகு 2011 வரை கோப்பை ஐரோப்பாவை விட்டு ஒரே ஒரு முறைதான் வெளியே போயிருக்கிறது. 1995இல் தென் கொரியா, ஹங்கேரியைத் தோற்கடித்து ஜெயித்தது. மற்றபடி சோவியத் யூனியன், கிழக்கு ஜெர்மனி, நார்வே, ரஷ்யா என்று அந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பிரேசிலில் ஹேண்ட்பால் அந்நிய ஆட்டம் இல்லை. பள்ளிக்கூடங்களில் மிகப் பரவலாக ஆடுகிறார்கள். கால்பந்துக்கு வெளியே ஒரு பிள்ளை பந்தைத் தொட வேண்டுமென்றால் பெரும்பாலும் இதுதான். திறமைக்குப் பஞ்சமில்லை, எதிரிக்குத்தான் பஞ்சம். அமெரிக்கக் கண்டப் போட்டிகளில் அவர்கள் பக்கத்து நாடுகளைப் பெரிய வித்தியாசத்தில் அடித்து நொறுக்குவார்கள். அர்ஜென்டினாவோடு மட்டும் கொஞ்சம் இழுபறி. அப்புறம் உலக சாம்பியன்ஷிப்புக்கு வந்து நார்வேயையோ ரஷ்யாவையோ எதிர்கொள்ளும்போது, இந்த வேகத்தில் இதற்குமுன் ஆடியே இருக்க மாட்டார்கள். ஐரோப்பிய அணிகளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ஒரு வருடம் உலக சாம்பியன்ஷிப், அடுத்த வருடம் ஐரோப்பிய சாம்பியன்ஷிப், நடுவில் கிளப் ஆட்டங்கள். வருடம் முழுக்க ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டே இருப்பார்கள்.

2009இல் மோர்ட்டன் சூபாக் என்ற டென்மார்க்காரர் பிரேசில் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அதற்கு முன்பே பிரேசிலில் கிளப் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்த்துகீசியம் சரளமாகப் பேசுவார். டென்மார்க் சாதாரண இடம் இல்லை. 1996, 2000, 2004 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் பெண்கள் ஹேண்ட்பால் தங்கத்தை அள்ளிய நாடு. அங்கிருந்து வந்தவருக்கு பிரேசில் அணியில் என்ன குறை என்று கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகியிருக்காது. கையில் நல்ல ஆட்டக்காரிகள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் ஒன்றாக ஆடும் நாட்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை.

இங்கேதான் ஆஸ்திரியா வருகிறது. வியன்னாவுக்குத் தெற்கே மரியா என்செர்ஸ்டோர்ஃப் என்று ஒரு சிறிய ஊர். அதில் ஸூட்ஸ்டாட் என்ற பகுதி. அங்கே ஹைப்போ நீடர்ஆஸ்டர்ரைக் என்ற கிளப். ஹேண்ட்பால் தெரிந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். 1989க்கும் 2000க்கும் இடையில் எட்டு முறை ஐரோப்பிய கிளப் சாம்பியன். அந்தக் காலத்தில் ஆஸ்திரியாவுக்குள் அவர்களுக்கு நிகரான அணியே கிடையாது.

இந்த கிளப்பைக் கட்டியெழுப்பியவர் குன்னர் ப்ரோகோப். அவரைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். 2009இல் பிரெஞ்சு கிளப்பான மெட்ஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், கடைசி நொடிகள். மெட்ஸ் ஆட்டக்காரி பந்தோடு பாய்ந்து வருகிறார். பெஞ்சில் இருந்த ப்ரோகோப் களத்துக்குள்ளேயே புகுந்து அவரை மறித்துவிட்டார்! பயிற்சியாளர் எதிரணி வீராங்கனையைத் தடுத்து கோலைக் காப்பாற்றியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்காக ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு அவருக்கு நீண்ட தடை விதித்தது. ஜெயிப்பதற்கு எதையும் செய்யும் ஆள் என்று புரிந்திருக்கும்.

அவருடைய காலத்தில் ஸூட்ஸ்டாட்டில் இன்னொரு காரியமும் நடந்தது. சோவியத் யூனியனிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த திறமைசாலிகள் அந்த கிளப்பில் ஆடினார்கள். பிறகு சிலர் ஆஸ்திரியக் குடியுரிமை பெற்று ஆஸ்திரிய தேசிய அணிக்கே ஆடினார்கள். லித்துவேனியாவில் பிறந்த அவுஷ்ரா ஃப்ரிட்ரிகாஸ் அவர்களில் பெரிய பெயர். 1999 உலக சாம்பியன்ஷிப்பில் ஆஸ்திரியா வெண்கலம் வாங்கியது, அந்த வருடத்தின் உலகச் சிறந்த வீராங்கனையாக ஃப்ரிட்ரிகாஸ் தேர்வானார். ஒரு கிளப் வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து ஒரு தேசிய அணியையே உண்டாக்கிவிட்டது. சரியா தவறா என்று அப்போதே பேசினார்கள், இப்போதும் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. ஐஸ்லாந்துக்காரரான தோரிர் ஹெர்கெய்ர்சன் பயிற்சியாளராக நார்வேக்குக் கோப்பை கோப்பையாக வாங்கிக் கொடுத்தபோது யாரும் அவருடைய பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை.

2010 வாக்கில் ஹைப்போவின் பழைய பகட்டு போய்விட்டது. ரஷ்யா, ஹங்கேரி, ருமேனிய கிளப்புகளின் பணத்தோடு போட்டி போட முடியவில்லை. கிளப்புக்கு நல்ல ஆட்கள் வேண்டும், சம்பளம் கட்டுப்படியாக வேண்டும். பிரேசிலுக்கு ஓர் ஐரோப்பிய கிளப் வேண்டும், தன்னுடைய ஆட்கள் ஒரே இடத்தில் சேர்ந்து ஆட வேண்டும். இரண்டு தேவையும் பொருந்திப்போய் பிரேசில் ஹேண்ட்பால் கூட்டமைப்புக்கும் ஹைப்போவுக்கும் 2011இல் ஓர் ஏற்பாடு உண்டானது. அலெக்சாண்ட்ரா டோ நாசிமெண்டோ ஏற்கெனவே பல வருடமாக அங்கே ரைட் விங்கில், அதாவது வலது ஓரத்தில், ஆடிக்கொண்டிருந்தார். இப்போது அவரைச் சுற்றி தேசிய அணியின் கணிசமான பகுதியே வந்து இறங்கியது. அணித் தலைவி ஃபாபியானா டினிஸ், அதாவது தாரா, அனா பவுலா, பாபி எல்லோரும் ஒரே பயிற்சிக் கூடத்தில்.

முன்பு ஆஸ்திரியா எந்தக் கதவு வழியாக வெளிநாட்டினரை உள்ளே இழுத்துத் தன் கொடியைப் போர்த்தியதோ, அதே கதவு வழியாக இப்போது ஒரு வெளிநாடு முழுசாக உள்ளே வந்து தன் கொடியோடே தங்கியது. இந்த முரணை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

விங்கில் ஆடுபவருக்கு பந்து எப்போது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். மூலையில் கோணமே இருக்காது, எழும்பினால்தான் கோல் கண்ணில் படும். நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தும் சென்டர் பேக் நிமிர்ந்து பார்த்துவிட்டு பாஸ் கொடுத்தால் அதற்குள் தடுப்பு மூடிவிடும். பார்க்காமலே கொடுக்க வேண்டும், விங் அங்கே இருப்பார் என்ற நம்பிக்கையில். பிவட்டுக்கும் அப்படித்தான். ஆறு மீட்டர் கோட்டில் இரண்டு தடுப்பாட்டக்காரிகளுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தரையோடு தெறித்து வரும் பந்தை ஒரு கையில் பிடித்துத் திரும்பி அடிக்க வேண்டும். தடுப்பு இன்னும் மோசம். ஆறு பேர் ஒரே சங்கிலியாக நகர வேண்டும், யார் முன்னால் பாய்வது, யார் பின்னால் மூடுவது என்று கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருக்காது. தடுப்பு பந்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரிந்தால்தான் கோல்கீப்பர் மீதிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள முடியும். இதையெல்லாம் இரண்டு வார முகாமில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. தினமும் சேர்ந்து வியர்வை சிந்த வேண்டும், வார இறுதியில் சேர்ந்து தோற்க வேண்டும்.

பலன் உடனே தெரிந்துவிடவில்லை. 2011 டிசம்பரில் உலக சாம்பியன்ஷிப் பிரேசிலிலேயே நடந்தது. சாவ் பாவ்லோவில் காலிறுதி, சொந்த மண், சொந்தக் கூட்டம். ஸ்பெயினிடம் 27-26 என்று ஒரே கோலில் தோற்றார்கள். அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவர் அலெக்சாண்ட்ரா, 57 கோல். அடுத்து 2012 லண்டன் ஒலிம்பிக். பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். காலிறுதியில் யார்? தன் பிரிவில் தடுமாறி நான்காவதாக வந்த நார்வே. முதல் பாதி முடிந்தபோது பிரேசில் நல்ல முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் நார்வே கோலை மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தது. 21-19. அந்த நார்வேதான் பிறகு தங்கமும் வாங்கியது. அந்த வருடத்தின் உலகச் சிறந்த வீராங்கனை விருது அலெக்சாண்ட்ராவுக்குக் கிடைத்தது. அணிக்குத்தான் பதக்கம் இல்லை.

2013 வசந்தத்தில் ஹைப்போ, பிரேசில்காரிகளின் தயவில், ஐரோப்பாவின் கப் வின்னர்ஸ் கோப்பையை ஜெயித்தது. பெரிய கோப்பை இல்லைதான், ஆனால் ஐரோப்பிய கிளப்புகளைத் தோற்கடித்து வாங்கியது. அந்த டிசம்பரில் சூபாக்கின் அணி செர்பியாவுக்குப் போனது.

பிரிவு ஆட்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அல்ஜீரியா, சீனா, செர்பியா, ஜப்பான், டென்மார்க், ஐந்திலும் வெற்றி. அடுத்த சுற்றில் நெதர்லாந்தை 29-23. இந்த நெதர்லாந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மறுபடி காலிறுதி. எதிரே ஹங்கேரி. 60 நிமிடம் முடிந்தது, சமநிலை. கூடுதலாக ஐந்தைந்து நிமிடமாக இரண்டு பாதி, மறுபடி சமநிலை. இன்னொரு முறை ஐந்தைந்து நிமிடம். ஆக, 80 நிமிடம் ஆடி 33-31 என்று பிரேசில் ஜெயித்தது. மூன்று வருடத்தில் மூன்று காலிறுதி, மூன்றாவதில்தான் கதவு திறந்தது. என்னைக் கேட்டால் உலகக் கோப்பை அன்றைக்கே முடிவாகிவிட்டது. இறுதியாட்டம் அதற்குப் போட்ட கையெழுத்து.

இந்த ஆட்டத்தில் எல்லோரும் பார்த்தது எடுவார்டா அமோரிமை, அதாவது டூடாவை. ப்ளூமெனாவ் என்ற ஊர்க்காரர். அவர் ஹைப்போ கூட்டத்தில் இல்லை, ஹங்கேரியின் கியோர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். அதாவது காலிறுதியில் அவர் மோதியது தினமும் கூடவே பயிற்சி செய்யும் தோழிகளோடு. டூடாவை கோல் அடிப்பவராகத்தான் பலருக்குத் தெரியும். எனக்கு அவருடைய தடுப்பு பிடிக்கும். நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் எதிரணியின் பேக் எங்கிருந்து அடிப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அந்த யோசனையே போதும், பின்னால் இருக்கும் கோல்கீப்பருக்கு அரை நொடி கூடுதலாகக் கிடைத்துவிடும். அந்தத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரி என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

தானி பியேதாதேவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிவட். 2012இல், லண்டன் முடிந்த கொஞ்ச நாளில், ஸ்லோவேனியாவில் கிளப்புக்காக ஆடிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. முப்பதைத் தாண்டிய விளையாட்டுக்காரிக்கு அதோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். அவர் எழுந்து, பயிற்சிக்குத் திரும்பி, அடுத்த வருடமே செர்பியாவில் ஆறு மீட்டர் கோட்டில் முதுகைக் காட்டி நின்றார். அந்த இடத்தில் நிற்பவருக்கு விழும் இடியும் குத்தும் எப்படி இருக்கும் என்று ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அரையிறுதியில் டென்மார்க். சூபாக் தன் சொந்த நாட்டை இரண்டாவது முறையாகத் தோற்கடித்தார், 27-21. இன்னொரு பக்கம் செர்பியா காலிறுதியில் நார்வேயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போலந்தையும் தாண்டி வந்திருந்தது. டிசம்பர் 22, பெல்கிரேட் அரங்கில் 19 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். பெண்கள் ஹேண்ட்பாலில் அதுவரை இல்லாத கூட்டம் அது. பிரேசிலுக்காகக் கத்தியவர்கள் எங்கேயோ ஒரு மூலையில் இருந்திருப்பார்கள்.

செர்பியாவின் சென்டர் பேக் ஆண்ட்ரேயா லெகிச். 2013க்கான உலகச் சிறந்த வீராங்கனை விருது பிறகு அவருக்குத்தான் போனது. இவரும் டூடாவும் அதே வருடம் மே மாதம் வரை கியோர் அணியில் ஒன்றாக ஆடி சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஒன்றாகத் தூக்கியவர்கள். லெகிச் எந்தத் தோளைச் சாய்த்தால் எந்தப் பக்கம் போவார் என்று டூடாவுக்குத் தெரியும். டூடாவுக்குத் தெரியும் என்பது லெகிச்சுக்கும் தெரியும். தேசிய கீதம் பாடி, கொடி பிடித்து, நாட்டுக்கு நாடு மோதுவதாக நாம் பார்க்கும் ஆட்டத்துக்குள் இப்படி ஒரு சின்னத் தெருவே இருக்கிறது. எல்லோரும் எல்லோருக்கும் பழக்கம்.

முதல் பாதி 13-11, பிரேசில் முன்னிலை. இரண்டாம் பாதியில் கோல் அதிகம் விழாமல் இழுத்தது. 30 நிமிடத்தில் இரண்டு அணியும் ஆளுக்கு ஒன்பது. கடைசி நிமிடங்கள் வரை ஆட்டம் யார் பக்கமும் சாயவில்லை. 22-20. ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து முதல் உலக சாம்பியன். இன்றுவரை பிரேசில் பெண்களுக்கு உலக சாம்பியன்ஷிப்பில் கிடைத்த ஒரே பதக்கமும் அதுதான்.

ஏன் அதோடு நின்றது? என் கணக்கு இதுதான். ஹைப்போ ஏற்பாடு 2014இல் முடிந்தது. சாம்பியன்கள் என்று பெயர் வாங்கியபின் அவர்களுக்கு வெளியே நல்ல சம்பளம் கிடைத்தது, யாரும் குறை சொல்ல முடியாது. அலெக்சாண்ட்ரா ருமேனியாவின் பாயா மாரே கிளப்புக்குப் போனார், மற்றவர்கள் ஆளுக்கொரு திசை. தனித்தனியாக எல்லோரும் பெரிய கிளப்புகளில். ஆனால் பார்க்காமல் பாஸ் கொடுக்கும் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. 2015இல் ருமேனியாவிடம் தோற்று நாக்-அவுட்டின் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். 2016 ரியோவில், சொந்த நாட்டு ஒலிம்பிக்கில், முதல் ஆட்டத்திலேயே நார்வேயை வீழ்த்தி, லண்டனைப் போலவே பிரிவில் முதலிடம் பிடித்து, லண்டனைப் போலவே காலிறுதியில் விழுந்தார்கள். எதிரணி நெதர்லாந்து, 32-23. மூன்று வருடத்துக்கு முன் ஆறு கோல் வித்தியாசத்தில் தோற்ற அதே நெதர்லாந்து. அந்த வருடத்தோடு சூபாக்கும் போய்விட்டார். பிறகு அங்கோலா பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அங்கேயும் போர்த்துகீசியம்தான்.

நெதர்லாந்தும் ஆட்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் வேலையைத்தான் செய்தது. ஆனால் அவர்கள் அதைத் தங்கள் ஊரிலேயே, பாப்பெண்டால் விளையாட்டு மையத்தில், 2006 முதல், பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள். பிரேசில் நல்ல வாடகை வீடு பிடித்தது, நெதர்லாந்து மனை வாங்கிக் கட்டியது. 2019இல் ஜப்பானின் குமமோட்டோவில் ஸ்பெயினை 30-29 என்று வென்று நெதர்லாந்து உலக சாம்பியன் ஆனது. கடைசி நொடிகளில் கிடைத்த ஏழு மீட்டர் த்ரோவை, அதாவது ஹேண்ட்பாலின் பெனால்டியை, லோயிஸ் அப்பிங் வலைக்குள் போட்டார்.

வாடகை வீட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. கையில் காசு குறைவு, நேரமும் குறைவு, கண்டத்தில் எதிரிகளே இல்லை என்ற நிலையில் அதைவிடப் புத்திசாலித்தனமான வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நம் ஊரில் இதை யாராவது பார்த்தார்களா என்றுதான் யோசிக்கிறேன். 2024 டிசம்பரில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் டெல்லியிலேயே நடந்தது. இறுதியாட்டத்தில் ஜப்பான் தென் கொரியாவை 25-24 என்று தோற்கடித்தது. ஆசியாவில் கொரியாவைப் பெண்கள் ஹேண்ட்பாலில் தோற்கடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்கு அது தலைப்புச் செய்தி. என்னோடு பள்ளியில் ஆடிய தோழிகளுக்கு அனுப்பியபோது, இப்படி ஒன்று நம் நாட்டில் நடந்ததா என்று திருப்பிக் கேட்டார்கள்.

பிரேசில் 2017இலும் 2019இலும் முதல் பத்து இடங்களுக்குள் வரவில்லை. 2021இல் ஸ்பெயினில் நடந்த தொடரில் மறுபடி தலை தூக்கியது. வரிசையாக ஜெயித்துக்கொண்டே வந்து காலிறுதிக்குள் நுழைந்தார்கள். அங்கே நின்றது ஸ்பெயின். தோற்று, ஆறாவது இடத்தோடு ஊர் திரும்பினார்கள்.